டிரை ஷிப்பர் உள்ளே ஈரமும் நாற்றமும், குளிர் 5 நாளில் போகிறது: கழுவலாமா, வேக்குவம் போட வேண்டுமா?

உம்பளச்சேரி_குழு எழுதியது:

வணக்கம். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் உம்பளச்சேரி மாடு வளர்ப்பவர்கள் சேர்ந்த குழுவுக்காகக் கேட்கிறேன். உறைவிந்து ஸ்ட்ரா (விந்து அடைத்த 0.25 மில்லி மெல்லிய குழல்) எடுத்துவரவும், எப்போதாவது வெளியூர் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பவும் ஒரு பழைய டிரை ஷிப்பர் (திரவ நைட்ரஜனை உள்ளே உள்ள பஞ்சில் ஊறவைத்துக் குளிர் காக்கும் கலன்) வைத்திருக்கிறோம். அலுமினிய உடம்பு, ஸ்ட்ராக்களை வைத்து இறக்கும் கேனிஸ்டர் ஒன்று. மேலே ஒட்டிய தகட்டில் உள்ள விவரம்: காலி எடை 6.2 கிலோ, உறிஞ்சும் அளவு 4 லிட்டர், ஒரு நாள் ஆவி இழப்பு 0.3 லிட்டர், நிற்கும் நிலையில் 13 நாள்.

இப்போதைய நிலை: காலியாக எடை போட்டால் 6.9 கிலோ. மூன்று மணி நேரம் நைட்ரஜன் ஊற்றி, மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு எடை போட்டால் 9.2. ஆடாமல் வைத்துப் பார்த்ததில் மறுநாள் 8.95, அடுத்த நாள் 8.7, மூன்றாம் நாள் 8.45. ஆனால் வண்டியில் ஏற்றிப் போய் வந்தால் 5ஆம் நாளே வெப்பநிலை பதியும் லாகர் மைனஸ் 150 டிகிரியைத் தாண்டி மேலே வந்துவிடுகிறது. முன்பு உள்ளே இரண்டு ஸ்ட்ரா உடைந்ததால் தண்ணீர் விட்டு அலசியிருக்கிறார்கள். அதிலிருந்து ஊறல் நாற்றமும் இருக்கிறது.

வேக்குவம் போய்விட்டது, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் கொடுத்தால் இழுத்துத் தருவார் என்று ஒருவர் சொல்கிறார். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, வெயிலில் கவிழ்த்து வைக்கலாம் என்று இன்னொருவர். எது சரி?

---

தராசுமுள் எழுதியது:

இரண்டும் வேண்டாம் அண்ணே. மெக்கானிக்கிடம் போவது கட்டாயம் வேண்டாம். வேக்குவம் மூடியைத் தொட்ட நொடியில் நல்ல ஷிப்பரும் வெறும் அலுமினியக் குடமாகிவிடும். ஃப்ரிட்ஜ் பம்ப் எட்டும் வெற்றிடம் இதற்குப் போதாது. இரு சுவருக்கு நடுவே பல அடுக்குத் தகடும், மிச்ச வாயுவைப் பிடித்து வைக்கும் உறிஞ்சு பொருளும் இருக்கின்றன. சூடேற்றிக்கொண்டே நாள் கணக்கில் இழுக்க வேண்டிய வேலை அது.

வேக்குவம் நன்றாகவே இருக்கிறது. ஆதாரம் நீங்களே எழுதிய எடைதான். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் 0.808 கிலோ. தகட்டில் உள்ள 0.3 லிட்டர் என்பது ஒரு நாளைக்கு 242 கிராம். உங்கள் இழப்பு 250 கிராம். வேக்குவம் போன ஷிப்பர் இப்படி நிதானமாகக் குறையாது. இழப்பு இரண்டு மூன்று மடங்காகும், வெளிச்சுவர் ஜில்லிட்டு வியர்த்து ஒழுகும். ஊற்றிய சூட்டோடு கழுத்தோரம் பனி பூப்பதையும், அடைமழை நாளில் கழுத்தைச் சுற்றி நாலு விரல் அகலம் வியர்ப்பதையும் கணக்கில் எடுக்காதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்கு அது சகஜம். 24 மணி நேரம் கழித்து இடுப்புப் பகுதியில் ஈரம் கோத்திருந்தால்தான் கவலை.

கோளாறு இங்கே இருக்கிறது: 6.9 கழித்தல் 6.2, அதாவது 700 கிராம். அவ்வளவும் தண்ணீர். அலசிய தண்ணீரைப் பஞ்சு குடித்துவிட்டது. அது உறைந்தால் ஏறக்குறைய 760 மில்லி இடத்தைப் பனிக்கட்டி பிடித்துக்கொள்ளும். 9.2 கழித்தல் 6.9 என்றால் 2.3 கிலோ, 2.85 லிட்டர்தான் ஏறுகிறது. 4 லிட்டருக்கு 1.15 குறைவு. அதில் 0.76 பனிக்கட்டி. மீதி 0.4க்கு இரண்டு காரணம்: பனி அடைத்த துளைகளைத் தாண்டி நைட்ரஜன் போகவில்லை, மூன்று மணி நேர ஊற்றல் போதவில்லை, 24 மணி நேரம் ஊற்றணும்.

5 நாள் கணக்கும் சரியாக வருகிறது பாருங்கள். 2.3 கிலோவை 250 கிராமால் வகுத்தால் ஆடாமல் நின்றால் 9 நாள். பயணம் என்றால் அதில் பாதியைத்தான் நம்பணும். சாய்வு, குலுக்கல், திறந்து மூடுவது எல்லாம் சேர்ந்து தின்றுவிடும். தகட்டில் 13 நாள் போட்டிருப்பதும் சாலையில் 6, 7 நாள்தான்.

---

ஆய்வக_மேசை எழுதியது:

கணிப்போடு உடன்படுகிறேன். சுத்தம் செய்வது பற்றி மட்டும் சொல்கிறேன்.

டிரை ஷிப்பரின் உறிஞ்சு பொருள் இரண்டு வகை. புதிய மாடல்களில் தண்ணீரை ஒட்டவிடாத வகை வருகிறது. கையேடு அனுமதித்தால் அவற்றை அலசலாம். பழையவை நைட்ரஜனைக் குடிப்பது போலவே தண்ணீரையும் குடிக்கும். 700 கிராம் குடித்திருக்கிறது என்பதால் உங்களுடையது இரண்டாவது வகை. அதற்குள் நைட்ரஜனைத் தவிர எந்தத் திரவத்தையும் ஊற்றக்கூடாது. துடைக்க மட்டுமே செய்யலாம்.

பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். குளோரின் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். உள்சுவர் மெல்லியது, ஓர் ஊசித்துளை விழுந்தாலும் வேக்குவம் போய்விடும். நீர்த்த பிளீச்சைச் சில கையேடுகள் அனுமதிப்பது உண்மைதான், ஆனால் அது பல முறை அலசி வடிக்க முடிகிற கலனுக்கு. நீங்கள் அலசவே முடியாது என்பதால் உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

முதலில் ஸ்ட்ராக்களைச் சேமிப்புக் கேனுக்கு மாற்றுங்கள். காப்லெட்டோடு (ஸ்ட்ராக்கள் நிற்கும் சிறு குவளை) வேகமாகத் தூக்கி மாற்ற வேண்டும். பிறகு ஷிப்பரை இரண்டு மூன்று நாள் விட்டு அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்திருக்கும்போது துடைக்கப் போனால் துணி ஒட்டிக்கொள்ளும், உடைந்த ஸ்ட்ராத் துண்டும் கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடித்து அடியில் கிடக்கும் துண்டுகளை நீள இடுக்கியால் எடுங்கள். 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நூல் பிரியாத துணியை நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து, மரக் குச்சியில் சுற்றி மேலிருந்து கீழாகத் துடைக்கவும். இரும்புக் கம்பி வேண்டாம், கீறும். மூன்று துணி மாற்றுங்கள். கடைசித் துணி வெள்ளையாக வரணும். அடுப்பு, பீடி, சுவிட்சுப் பொறி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஆல்கஹால் வாசம் முழுக்கப் போகும்வரை நைட்ரஜனும் ஊற்றக்கூடாது.

கேனிஸ்டரை வெளியே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து அலசி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம் வைத்து, மறுபடி அலசி உலர்த்தலாம். விரிசல் விட்ட காப்லெட்டுகளைத் தூக்கிப் போடுங்கள்.

நாற்றத்துக்குப் பாதிக் காரணம் கார்க்காகத்தான் இருக்கும். அடியில் உள்ள நுரை உருளை ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். ஆல்கஹாலில் துடைத்து மூன்று நாள் காய வையுங்கள். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் தொடக்கூடாது. தெர்மோகோல் வகை நுரையாக இருந்தால் கரைந்தே போகும். நுரை நொறுங்கியிருந்தாலோ கழுத்தில் ஆடினாலோ கார்க்கை மாற்றுவதே மலிவு. இறுக்கமாக இருக்கட்டும் என்று டேப் சுற்றி அடைக்கிறவர்களும் உண்டு. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். அது வெளியேற வழி இல்லையென்றால் கலன் வெடிக்கும்.

---

தராசுமுள் எழுதியது:

காயவைக்கும் விஷயம் விட்டுப்போச்சு. வெயிலில் கவிழ்ப்பது ஏன் கூடாது என்றால், சித்திரை வெயிலில் கிடக்கும் உலோகச் சுவர் கையை வைக்க முடியாத சூட்டுக்கு ஏறும். கழுத்துக் குழாய் கண்ணாடி நார். அலுமினியத்தோடு பசை போட்டு ஒட்டியது. அந்த ஒட்டுதான் முதலில் விடும். ஹேர் டிரையர், ஹீட் கன் எல்லாம் அதே கதை. உள்ளே விடும் காற்று 40 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

கவிழ்த்து வைப்பது தேங்கிய தண்ணீர் வடிய மட்டுமே. இரண்டு மரக்கட்டைமேல், வாய்க்கும் தரைக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு ஓர் இரவு. பஞ்சுக்குள் இருக்கும் ஈரம் கவிழ்த்தால் வராது, ஆவியாகித்தான் வரணும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்றை ஃபேன் வைத்து அடித்தால் காய்வதற்குப் பதில் ஈரம் ஏறினாலும் ஏறும். ஏ.சி. அறையில் வைத்துச் செய்யுங்கள். சிலிண்டர் நைட்ரஜன் வாயு கிடைத்தால் இன்னும் நல்லது: ரெகுலேட்டரில் நிமிடத்துக்கு 5 லிட்டர் வைத்து, குழாயை அடிவரை விட்டு, சன்னலைத் திறந்து வைத்துப் பகலில் சில மணி நேரம் ஓட விடலாம்.

இரண்டும் இல்லையென்றால் சிலிகா ஜெல். 250 கிராம் துணிப்பையில் கட்டி உள்ளே தொங்கவிட்டு வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். ஒரு தடவைக்கு 50, 60 கிராம் தண்ணீர் குடிக்கும். தினம் மாற்றணும். குடித்த ஜெல்லை 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உதவும். நிறம் மாறும் ஜெல்லைச் சமையல் சட்டியில் வறுக்காதீர்கள். நீல வகையில் கோபால்ட் இருக்கிறது.

தினம் ஒரே நேரத்தில், கேனிஸ்டரும் கார்க்கும் இல்லாமல் எடை போட்டு எழுதுங்கள். 5 கிராம் காட்டும் மின் தராசு போதும். மூன்று நாள் எடை அசையாமல் நின்றால்தான் காய்ந்தது. கையை விட்டுத் தடவிப் பார்த்து "காஞ்சிருச்சு" என்று சொல்வதற்கு மதிப்பில்லை. தகட்டு எடையில் கேனிஸ்டரும் கார்க்கும் சேர்த்தியா இல்லையா என்றும் கையேட்டில் பாருங்கள். பல பேர் அங்கேதான் அரை கிலோ தப்புவார்கள்.

---

வேதாரண்யம்_கரை எழுதியது:

ஈரம் திரும்ப ஏறாமல் இருக்க ஒன்று. பயணம் முடிந்து வந்ததும் கார்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது தப்பு. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர் இருக்கும். நைட்ரஜன் ஆவி வெளியே வந்துகொண்டிருக்கும்வரை சிக்கல் இல்லை. அது தீர்ந்ததும் குளிர்ந்த வயிற்றுக்குள் ஊர்க் காற்று இறங்கிப் பனியாகப் படியும். அது உருகிப் பஞ்சுக்குள்தான் போகும். கார்க்கை லேசாக வைத்தே இரண்டு நாள் விட்டு, உள்ளே 25 டிகிரியைத் தாண்டிய பிறகு திறங்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கார்க்கில் பூத்த பனியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டே திரும்பப் போடணும்.

உப்பளக் காற்று அடிக்கும் பக்கம் இருப்பவர்கள் வெளிச்சுவரையும் கவனிக்கணும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூப்பது அரிப்பின் தொடக்கம். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வேக்குவம் மூடியைச் சுற்றியும் கைப்பிடி வெல்டிங்கிலும்தான் முதலில் பூக்கும்.

---

உம்பளச்சேரி_குழு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சந்தேகம் இரண்டு. மைனஸ் 196 டிகிரியில் கிருமி செத்துவிடாதா, ஸ்ட்ரா உடைந்ததற்கு இவ்வளவு துடைக்கணுமா? இன்னொன்று, 24 மணி நேரம் ஊற்றுவது என்றால் எப்படி, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கணுமா?

---

ஆய்வக_மேசை எழுதியது:

சாகாது. விந்தணுவைக் காப்பாற்றுகிற அதே குளிர்தான் பாக்டீரியாவையும் வைரஸையும் காப்பாற்றுகிறது. திரவ நைட்ரஜன் கிருமி நாசினி அல்ல, கிருமிக் கிடங்கு. ஒரே உறைகலனில் வைத்த எலும்பு மஜ்ஜை மாதிரிகளிடையே ஹெபடைடிஸ் பி பரவியது இங்கிலாந்தில் கண்டறியப்பட்டு 1995இல் வெளியானது. ஒரு பை கசிந்ததுதான் தொடக்கம். மாட்டு விஷயத்தில் கோமாரி வைரஸ் உறைவிந்தில் பிழைத்திருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் ஷிப்பரில் உடைந்த ஸ்ட்ராவின் கசிவு தண்ணீரோடு சேர்ந்து பஞ்சுக்குள் போயிருக்கிறது. சுவரைத் துடைக்கலாம், பஞ்சைத் துடைக்க முடியாது. காய்ந்த பிறகு ஊருக்குள் ஸ்ட்ரா எடுத்துப் போகப் பயன்படுத்துங்கள், அதுவும் காப்லெட்டை மூடிய உறையில் போட்டு. நோய்ச் சான்று கேட்கும் இடத்துக்கு மாதிரி அனுப்ப இதைப் பயன்படுத்தாதீர்கள்.

---

தராசுமுள் எழுதியது:

இதில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். பெராக்சைடு ஆவி செலுத்தித் தொற்றுநீக்கம் செய்யும் வசதி சில இடங்களில் இருக்கிறது, அது பஞ்சுவரை எட்டுமே.

---

ஆய்வக_மேசை எழுதியது:

எட்டலாம். எட்டியது என்று நிரூபிக்க வழி? பஞ்சின் நடுவிலிருந்து சோதனைத் துண்டு எடுக்க முடியாது. ஈரம் இருக்கிற இடத்தில் ஆவி ஒழுங்காக வேலையும் செய்யாது. புரதக் கறை படிந்திருந்தால் இன்னும் மோசம். அனுப்புவதற்குத் தனி ஷிப்பர் வைப்பதே என் கருத்து.

---

தராசுமுள் எழுதியது:

சரி, நிரூபணம் என்று வந்தால் நீங்கள் சொல்வதுதான். அனுப்புகிற வேலைக்கு வேண்டாம்.

ஊற்றுவது பற்றி. பக்கத்திலேயே உட்கார வேண்டியதில்லை. முதலில் அரை லிட்டர், மெல்லிய குழல் வைத்த புனலில், கழுத்தை நனைக்காமல் உள்ளே விடுங்கள். கழுத்தோடு வழிய விட்டால் அந்தப் பசை ஒட்டு திடீர்க் குளிரில் விரியும்; ஷிப்பர்கள் சாகும் வழிகளில் முக்கியமானது இது. கொதிப்பு அடங்கப் பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு கழுத்தின் அடிவரை நிரப்பி, கார்க்கை வைத்துவிட்டுப் போகலாம். முதல் மூன்று மணி நேரத்தில் மணிக்கு ஒரு தடவை நிரப்புங்கள், அப்புறம் நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை. 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கவிழ்த்து எடை போடுங்கள். திரும்ப நிரப்பி இரண்டு மணி நேரம் விட்டுக் கவிழ்த்து எடை போட்டால் 50 கிராமுக்குள் வித்தியாசம் வரணும். வந்தால் பஞ்சு நிறைந்தது. 4 லிட்டர் ஷிப்பருக்கு 7, 8 லிட்டர் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பைக் குளிரவைக்கவே ஒரு பங்கு போய்விடும்.

கவிழ்க்கும் இடம் திறந்த மண் தரையாக இருக்கட்டும். சிமெண்ட் தரையும் டைல்ஸும் வெடிக்கும், பிவிசி குழாய் கண்ணாடியாட்டம் உடையும். முகக் கவசம், தளர்வான குளிர்க் கையுறை, கால்சட்டை ஷூவுக்கு வெளியே விழும்படி. வேட்டியும் ஹவாய் செருப்புமாக நைட்ரஜன் ஊற்றும் காட்சியை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம்; செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவே தேங்கினால் தோல் உரிந்து வரும்.

மழை என்று சன்னலைச் சாத்திக்கொண்டு ஊற்றாதீர்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர், உயரமும் 3 மீட்டர் உள்ள அறையில் 10 லிட்டர் கொட்டினால் 7 கன மீட்டர் வாயு. பிராணவாயு 20.9 சதவீதத்திலிருந்து 16க்குக் கீழே இறங்கும். மூச்சு முட்டும் உணர்வே வராது, இன்னும் இறங்கினால் ஆள் நேரே சாய்வார். குளிர்ந்த ஆவி தரையோடு படரும் என்பதால் இரவுக் காவலுக்கு அந்த அறையில் பாய் விரித்துப் படுப்பது கூடவே கூடாது.

---

சரக்கு_மூட்டை எழுதியது:

வண்டியிலும் அதே கணக்குதான். ஏ.சி. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சேமிப்புக் கேனைக் கொண்டு போகாதீர்கள். காருக்குள் 4 கன மீட்டர் காற்று என்று வைத்தால் ஒரு லிட்டர் கொட்டினாலே பிராணவாயு 17 சதவீதம் ஆகிவிடும்.

ஷிப்பரை நுரை வைத்த பெட்டியில் நிமிர்த்தி, பெல்ட் போட்டுக் கட்டுங்கள். படுக்கவைத்தால் குளிர்ந்த ஆவி கழுத்து வழியே கீழே கொட்டிவிடும், நாள் கணக்கு வேகமாகக் கரையும். காளான் மூடி மாதிரி அகன்ற அடிப்பெட்டிகள் வருவது அதற்காகத்தான்: தள்ளினாலும் எளிதில் சாயாது.

பின்னாளில் வேறு ஷிப்பர் வாங்கித் திருச்சி விமான நிலையம் வழியாக அனுப்புவதாக இருந்தால்: உள்ளே ஒரு சொட்டுத் திரவமும் இல்லாமல் பஞ்சில் குடித்தது மட்டும் இருந்தால் ஐ.ஏ.டி.ஏ. (பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம்) விதியில் ஏ152 சலுகை பொருந்தும். விமானச் சரக்குச் சீட்டில் "கட்டுப்பாடு இல்லை" என்பதோடு அந்த எண்ணையும் ஆங்கிலத்தில் எழுதணும். திரவம் தேங்கி நின்றால் யூ.என். 1977, வகை 2.2 ஆபத்தான சரக்கு. வேறு பேக்கிங், வேறு தாள்கள். நோய்ப் பரிசோதனைக்கான மாதிரி என்றால் குளிரூட்டும் நைட்ரஜனுக்குக் கிடைத்த சலுகை மாதிரிக்குக் கிடைக்காது. அதற்கு யூ.என். 3373 முத்திரையும் 650ஆம் பேக்கிங் விதியும் தனியாக உண்டு. ஏஜெண்டிடம் முந்தின நாளே காட்டிவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஏற்றி, ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கவிட்டால் இங்கே சேர்த்த நாளெல்லாம் அங்கே வீண்.

---

உம்பளச்சேரி_குழு எழுதியது:

சொன்னபடி செய்தாயிற்று. எடை: முதல் நாள் 6.90, மூன்றாம் நாள் 6.77, ஆறாம் நாள் 6.56, ஒன்பதாம் நாள் 6.36, பதினோராம் நாள் 6.24. அதற்கப்புறம் மூன்று நாளும் 6.24தான். தகட்டு எடையில் கேனிஸ்டரும் கார்க்கும் சேர்த்தி இல்லை. கார்க்கை மாற்றினோம், நாற்றம் போய்விட்டது. 24 மணி நேரம் ஊற்றியதில் 9.40. இன்னும் 40 கிராம் கூடுதலாகக் காட்டுகிறதே, திரும்பக் காயவைக்கணுமா?

---

தராசுமுள் எழுதியது:

வேண்டாம் அண்ணே. 3.16 கிலோ ஏறியிருக்கிறது, 3.9 லிட்டர். அந்த 40 கிராம் பஞ்சில் தங்கின உப்பும் கறையும், மேலே ஒட்டின ஸ்டிக்கரும், தராசு வித்தியாசமுமாக இருக்கும். 6.24ஐயே புது காலி எடையாக, தேதியோடு அழியாத மையில் உடம்பில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு பயணமும் முடிந்து காய்ந்த பிறகு எடை போடுங்கள், 6.35ஐத் தாண்டினால் சிலிகா பையைத் தொங்கவிடுங்கள். இப்போதைக்கு ஆடாமல் வைத்து மூன்று நாள் எடை பார்த்து இங்கே போடுங்க. 240, 250க்குள் நின்றால் வண்டியில் 6 நாள் தாராளமாக எடுத்துப் போகலாம்.